மட்டக்களப்புக் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோட்டைக்குப் போய் வந்த பிள்ளையிடம், "என்ன மனே பார்த்தாய்?" என்று கேட்டால், "ஐஸ்பழம் வாங்கித் தந்தாங்க" என்று பதில் வருகிறது. பிழை பிள்ளையில் இல்லை. கூட்டிக்கொண்டு போனவர் காட்டிய வரிசையில் இருக்கிறது.

புளியந்தீவில் இருக்கும் நம் கோட்டைக்குப் பல தடவை பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். என் வீட்டுப் பிள்ளைகள், அயலில் உள்ளவர்கள், சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு வருபவர்கள் என்று எல்லாரும் வந்திருக்கிறார்கள். மற்றவர்கள் கூட்டி வருவதையும் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலானோர் நேரே வாசலுக்குள் நுழைந்து, முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வருடங்களை ஒப்புவிக்கிறார்கள். பத்தாவது நிமிடத்தில் பிள்ளை நிலத்தில் எறும்பைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த வழிகாட்டி அந்த வரிசையை மாற்றுவது பற்றியது. முதலில் தண்ணீர், பிறகு சுவர், பிறகு வாசல், அப்புறம்தான் கதை. பூங்கா கடைசி. ஒவ்வொரு படிக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றபடி நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

1. யாரை, எத்தனை பேரை, எப்போது

தரம் 3 முதல் தரம் 6 வரையான பிள்ளைகளுக்கு இந்தத் திட்டம் நன்றாகப் பொருந்தும். அதற்குக் கீழே என்றால் 5ஆம் படியையும் 10ஆம் படியையும் மட்டும் செய்யுங்கள், போதும். தரம் 7க்கு மேலே என்றால் 8ஆம் படியை நீட்டுங்கள்.

பெரியவர் ஒருவருக்கு 6 பிள்ளைகள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். கோட்டையின் இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. மேலே ஏறினால் மதில் விளிம்பு. நம் வாவியில் முதலை இருப்பதும் ஊருக்கே தெரியும். 12 பேரைக் கூட்டிப் போவதாக இருந்தால் இன்னொரு பெரியவர் வேண்டும். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டு நிற்காதவராக இருக்க வேண்டும்.

காலை 7.30க்குத் தொடங்கி 10.30க்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மதில் மூலைகளில் வெளியே நீட்டிக் கட்டிய கொத்தளங்களின் மேல் நிழல் குறைவு. ஒருமுறை பஸ் பிந்தி, 11 மணிக்குத்தான் மேலே ஏறினோம். ஒரு சிறுமி தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து நிழலுக்குத் தூக்கி வந்த அந்த அரை மணித்தியாலத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நேரம் தவறினால் மேலே ஏறுவதை விட்டுவிட்டு நேரே பூங்காவுக்குப் போகிறேன்.

மாதம் என்றால் மாசி முதல் சித்திரை வரை நல்லது. கார்த்திகை முதல் தை வரை மாரி மழை, பழைய கல்லில் பாசி வழுக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் முகத்தில் அனல் வீசும். அப்போது போகத்தான் வேண்டும் என்றால் 7 மணிக்கே அங்கே நில்லுங்கள்.

2. முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை

பிள்ளைகளோடு போவதற்கு ஒரு வாரம் முன்பு, நீங்கள் மட்டும் போய் வாருங்கள். அநேகர் தவறவிடும் படி இதுதான்.

கோட்டைக்குள் நெடுங்காலமாக அரச அலுவலகங்கள் இயங்கி வந்தன. அதனால் எந்த நாளில் எந்தப் பகுதி திறந்திருக்கும், மேலே ஏற விடுவார்களா, உள்ளே உள்ள அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதையெல்லாம் வாசலில் நேரே கேட்பதுதான் நம்பிக்கை. குழுவாக வருவதாக இருந்தால் கடிதம் வேண்டுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்துவிட்டு அனுமதிக்கு அலைந்தால் அன்றைய நாள் அங்கேயே முடிந்துவிடும்.

நான்கு விஷயங்களைக் குறித்து வாருங்கள்: கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, ஏறும் இடம் எங்கே, எந்த விளிம்பில் தடுப்பு இல்லை. கடைசியாகச் சொன்ன இடத்தை ஒரு தாளில் கீறிக்கொண்டு, கூட வரும் மற்றப் பெரியவருக்கும் கொடுங்கள்.

3. கையில் எடுக்க வேண்டியவை

தண்ணீர்ப் போத்தல், தொப்பி, மூடிய சப்பாத்து, காயத்துக்குப் பூச மருந்து. இவற்றை எல்லாரும் எடுத்து வருவார்கள். மற்றவர்கள் எடுத்து வராதவற்றைச் சொல்கிறேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு கடின மட்டை, அதில் செருகிய 3 வெள்ளைத் தாள், பென்சில், ஒரு நீல நிறப் பென்சில். கொப்பி வேண்டாம். கொப்பியைக் கண்டால் பிள்ளை "எழுத வேண்டும்" என்று நினைத்துச் சுருங்கிவிடுகிறது. மட்டையைக் கண்டால் கீறத் தொடங்குகிறது.

10 மீற்றர் நீளமான கயிறு ஒன்று, மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டது. அளவுநாடா இருந்தால் ஒருவர்தான் அளப்பார். முடிச்சுக் கயிறு என்றால் ஐந்து பேரும் பிடிப்பார்கள்.

ஒரு துண்டு கறுவாப்பட்டை. இதை உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம். 8ஆம் படி வரை அது உங்கள் இரகசியம்.

சாப்பாட்டுக்குப் பாணும் சம்பலும், கூடவே அன்னாசித் துண்டு அல்லது கொய்யா. இது சும்மா வசதிக்குச் சொன்னதில்லை, பூங்காவில் இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

4. முதல் நாள் மாலை: கதை வேண்டாம், ஒரு விளையாட்டு

போவதற்கு முன்பு வீட்டில் கோட்டையின் கதையைச் சொல்லாதீர்கள். கதையை முன்னாலேயே கேட்ட பிள்ளை, அங்கே போனதும் கதையில் கேட்டதைத்தான் தேடும். கண்ணுக்கு முன்னால் நிற்கும் கல்லைப் பார்க்காது.

அதற்குப் பதிலாக முற்றத்து மணலில் ஒரு விளையாட்டு. தடியால் பெரிய சதுரம் ஒன்று கீறுங்கள். "இது உயரமான மதில். மதிலுக்கு மேலே நீ காவல் நிற்கிறாய். கள்ளன் மதிலோடு ஒட்டிப் பதுங்கி இருக்கிறான்" என்று சொல்லி, ஒரு பக்கத்தின் நடுவில், கோட்டோடு ஒட்டினாற்போல ஒரு கல்லை வையுங்கள். மேலே நிற்பவனுக்கு நேர் கீழே இருக்கும் கள்ளன் தெரிவானா? எட்டிப் பார்த்தால்தான் தெரியும். எட்டிப் பார்த்தால் கள்ளனுடைய கூட்டாளி அம்பு விடுவான்.

"அப்படியென்றால் மதிலை எப்படி மாற்றினால் எட்டிப் பார்க்காமலே கள்ளனைக் காணலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். பெரியவர்கள் ஒரு நிமிடம் பொறுக்க மாட்டாமல் விடையைச் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள். யாராவது ஒரு பிள்ளை மூலையில் வெளிப்பக்கமாக ஏதாவது நீட்டிக் கீறும்.

அப்போது நான்கு மூலையிலும் அம்பு முனை போல வெளியே நீட்டிக் கீறுங்கள். அந்த முனையின் பக்கவாட்டிலிருந்து கல் வரைக்கும் கயிற்றைப் பிடித்துக் காட்டுங்கள். கயிறு மதிலோடு ஒட்டியபடியே போய்க் கல்லைத் தொடும். கள்ளனுக்கு ஒளிய இடமில்லை. அவ்வளவுதான், விளையாட்டு முடிந்தது. கோட்டை என்ற சொல்லையோ கொத்தளம் என்ற சொல்லையோ வாயில் எடுக்காதீர்கள்.

5. பாலத்தில் நின்று தீவைக் காட்டுங்கள்

வாகனத்தைக் கோட்டை வாசலில் நிறுத்த வேண்டாம். பாலத்துக்கு அருகிலேயே இறங்கி, பாதசாரிகள் நடக்கும் ஓரமாகப் பாலத்தைக் கடந்து புளியந்தீவுக்குள் நடந்து போங்கள்.

காரணம் இதுதான். நம் பிள்ளைகளில் பலர் டவுனுக்கு நூறு தடவை வந்திருப்பார்கள். ஆனால் தாங்கள் ஒரு தீவுக்குள் நுழைகிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. பஸ்ஸில் இருந்தால் பாலம் ஒரு குலுக்கல், அவ்வளவுதான். நடந்தால் இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். "புளியந்தீவு என்று ஏன் பேர்?" என்று கேட்டால், தீவு என்ற சொல் முதல் தடவையாக அவர்கள் காதில் விழும். ஒருமுறை ஒரு பெண் பிள்ளை தானாகவே திரும்பி நின்று, "அப்ப கோட்டைமுனையிலயும் கோட்டை இருக்குது" என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கோட்டைமுனை என்ற இடத்தின் பெயரைச் சொன்னாள். நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு எதிரி வருவான் என்று பயம். வீடு கட்ட இடம் தேடுகிறாய். அந்தக் கரையிலா, இந்தத் தீவிலா?" பதில் சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்லாமல் நடந்துகொண்டே இருங்கள்.

6. உள்ளே போக முன் வெளியே சுற்றுங்கள்

வாசலைக் கண்டதும் பிள்ளைகள் உள்ளே ஓடப் பார்ப்பார்கள். நிறுத்துங்கள். இந்தப் படிக்கு முழுதாக 30 நிமிடம் ஒதுக்குங்கள். முழு நாளிலும் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் பெரிய விஷயம் இங்கேதான் கிடக்கிறது.

மட்டையில் ஒரு சதுரம் கீறச் சொல்லுங்கள். "சதுரத்தின் எந்தப் பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்கு நீலம் அடி." நடக்க முடிகிற பக்கமெல்லாம் நடந்து பாருங்கள். நடக்க முடியாத பக்கத்தைத் தூர நின்று பாருங்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) தள்ளி நிற்க வேண்டும் என்பது கட்டாயம்.

சிறிது நேரத்தில் நான்கு பக்கமும் நீலமாகிவிடும். அப்போது கேளுங்கள்: "நாலு பக்கத்துத் தண்ணீரும் ஒரே மாதிரியா?"

இரண்டு பக்கம் வாவி, அகன்று கிடக்கிறது. மற்ற இரண்டு பக்கம் ஒடுங்கிய, நேராக ஓடும் அகழி. தரம் 4 படித்த ஒரு பிள்ளை என்னிடம் சொன்னது: "ரெண்டு பக்கம் கடவுள் தோண்டினது சேர், ரெண்டு பக்கம் மனிசர் தோண்டினது." இதைவிடத் தெளிவாக எந்தப் பெரியவரும் சொல்லிக் கேட்டதில்லை. வாவி ஏற்கெனவே காவலாக இருக்கும் மூலையைத் தேடிப் பிடித்து, மீதிப் பாதி வேலையை மட்டும் கையால் செய்திருக்கிறார்கள். இடம் தெரிவு செய்தவர்களின் கெட்டித்தனம் பிள்ளைக்கு இப்போது புரிந்துவிடும்.

அடுத்தது மூலை. "மதில் மூலையில் என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். முதல் நாள் மணலில் கீறிய அம்பு முனை கண்ணுக்கு முன்னால் கல்லாக நிற்கும். அந்த நேரம் பிள்ளைகள் போடும் கூச்சலைக் கட்டுப்படுத்த வேண்டாம். கத்தட்டும். கொத்தளம் என்ற சொல்லை இப்போது கொடுங்கள். பொருளை முதலில் கண்டு, பெயரைப் பிறகு கேட்டால் அந்தப் பெயர் மறப்பதில்லை. மொத்தம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள். நான்கு.

7. வாசலில் பத்து நிமிடம்

வாசல் வழியாகச் சும்மா நடந்துபோய்விடாதீர்கள். முதலில் சுவரின் தடிப்பு. முடிச்சுக் கயிற்றால் அளக்கட்டும். பிறகு தங்கள் வீட்டுச் சுவரின் தடிப்பை ஒரு கையால் காட்டச் சொல்லுங்கள். "ஏன் இவ்வளவு?" என்று கேட்டால் பீரங்கி என்ற பதில் தானாக வரும்.

சுவரில் பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். கல்லுக்கு இடையில் இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அந்தக் காலத்தில் சீமெந்து இல்லை. சிப்பியையும் முருகைக் கல்லையும் சுட்டுத்தான் கரையோரத்தில் சுண்ணாம்பு எடுத்தார்கள். விரலால் தொடலாம், நகத்தால் சுரண்டக் கூடாது. ஆளுக்கு ஒரு சுரண்டல் என்றால் சுவர் தாங்காது என்று காரணத்தையும் சொல்லுங்கள். காரணம் சொன்னால் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பிறகு பழைய வாசலில் பொறித்திருக்கும் குறியைத் தேடவிடுங்கள். நடுவில் பெரிய ஆங்கில வி எழுத்து, அதன் இரண்டு கால்களிலும் பின்னினாற்போல ஓ, சி. யார் முதலில் காண்கிறார்கள் என்று போட்டி வைக்கலாம். கண்டபிறகு, "பிஸ்கட் பெட்டியில் இப்படி ஒரு அடையாளம் இருக்குமா?" என்று கேளுங்கள். இருக்கும். இதுவும் அதே சங்கதிதான். 1602இல் ஒல்லாந்தர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பனியின் அடையாளம் அது.

இங்கே ஒரு கேள்வியை நட்டுவைத்துவிட்டு, விடை சொல்லாமல் மேலே ஏறுங்கள்: "வியாபாரம் செய்கிற கம்பனிக்குக் கோட்டை எதுக்கு?"

8. மேலே ஏறிய பிறகுதான் கதை

ஏறுவதற்கு முன்பு விதிகள் மூன்று. ஓடுவதில்லை. விளிம்பில் உட்காருவதில்லை. பீரங்கியில் ஏறுவதில்லை. ஏறிய பிறகு சொன்னால் காதில் விழாது, கீழே வைத்தே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

வாவியைப் பார்த்தபடி எல்லாரையும் உட்கார வையுங்கள். இப்போது சட்டைப்பையிலிருந்து அந்தக் கறுவாப்பட்டையை எடுங்கள். பேசாமல் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, மணந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாவிக் காற்றில் அந்த மணம் கையிலிருந்து கைக்குப் போகும். "இறைச்சிக் கறி!" என்று ஒருவன் சொல்வான். "வட்டிலப்பம்!" என்று காத்தான்குடிப் பிள்ளை சொல்லும். வாசலில் நட்ட கேள்வியை இப்போது எடுங்கள். இந்தப் பட்டைக்காகத்தான் கடல் கடந்து வந்தார்கள், இது விளையும் நாட்டின் துறைகளை வேறு யாரும் பிடித்துவிடக் கூடாது என்றுதான் கோட்டைகளை வைத்துக் காத்தார்கள். பத்துப் பக்கப் பாடத்தை அந்த மணம் செய்துவிடுகிறது.

கதைக்கு மூன்று வருடம் போதும். 1628இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1638 மே 18இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் முதலில் பிடித்த கோட்டை இதுதான், அப்போது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு சேர்ந்து நின்றான். 1795இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். மட்டையின் ஒரு மூலையில் மூன்று கட்டம் கீறி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வருடத்தை எழுதட்டும். நான்காவது வருடத்தைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மூன்றும் போய்விடும்.

பெரிய பிள்ளைகள் என்றால் ஒன்று கூடுதலாகச் சொல்லலாம். கோட்டை கட்டப்படுவதற்கு முன்பே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர் மட்டக்களப்பில் வந்து இறங்கி, இங்கிருந்து கண்டிக்குப் போய் அரசன் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவர் இறங்கியபோது இந்தச் சுவர் இல்லை, ஆனால் இந்த வாவி இருந்தது. இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தண்ணீரைத் திரும்பிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கதையை வெள்ளைக்காரர் யார் யாரைத் தோற்கடித்தார்கள் என்பதோடு முடிக்காதீர்கள். "இவ்வளவு கல்லையும் யார் சுமந்திருப்பார்கள்? அகழியை யார் வெட்டியிருப்பார்கள்?" என்று கேளுங்கள். கட்டளையிட்டவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மண் வெட்டிய கைகளின் பெயர் நமக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கைகளைப் பற்றிப் பிள்ளைகள் சிறிது நேரம் யோசிக்கட்டும். ஒரு பையன் அகழியைப் பார்த்துக்கொண்டே, "அப்பாவும் வாய்க்கால் வெட்டுறவர்" என்று மெதுவாகச் சொன்னான். அதற்குப் பிறகு நான் ஒன்றும் பேசவில்லை, பேச வேண்டியதும் இல்லை.

9. அருங்காட்சியகம் திறந்திருந்தால்

15 நிமிடம், மூன்று பொருள். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைத் தெரிந்து, தாளில் கீற வேண்டும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கீறும்போதுதான் பிள்ளை உண்மையாகப் பார்க்கிறது. பூட்டியிருந்தால் கவலைப்பட வேண்டாம், தாண்டிப் போங்கள்.

10. பூங்கா: வாயில் இருக்கும் வரலாறு

கோட்டையிலிருந்து வாவிக் கரையில் இருக்கும் காந்தி பூங்காவுக்கு நடந்தே போய்விடலாம். பலர் பூங்காவை முதலில் வைக்கிறார்கள். வைக்காதீர்கள். ஓடி விளையாடிய பிள்ளையை மறுபடி சுவர் பார்க்க உட்கார வைக்க முடியாது. கடைசியில் வைத்தால், காலையெல்லாம் அடக்கி வைத்த கால்களுக்கு அது சம்பளம்.

முதலில் 20 நிமிடம் ஓடட்டும். எந்தப் பாடமும் வேண்டாம்.

பிறகு பூங்கா வாங்கில் வரிசையாக உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிடும்போது, மெதுவாகத் தொடங்குங்கள். "வாங்கு என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா?" போர்த்துக்கேயச் சொல். பாண்? அதுவும்தான். காலில் என்ன? சப்பாத்து, அதுவும். வீட்டில் உட்காருகிற கதிரை, உடுப்பு வைக்கிற அலமாரி, காற்று வருகிற யன்னல் எல்லாம் அந்தக் கப்பலில் வந்த சொற்கள். கந்தோர், லாச்சி இரண்டும் ஒல்லாந்தரின் மொழியிலிருந்து வந்தவை.

இந்த இடத்தில் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 400 வருடத்துக்கு முந்திய ஆட்கள் சுவருக்குள் மட்டும் இல்லை, தங்கள் வாய்க்குள்ளும் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஒவ்வொரு சொல்லாகத் தேடத் தொடங்குவார்கள். பிழையாகவும் சொல்வார்கள். "பூசணிக்காய்?" என்று கேட்டான் ஒருவன். இல்லை, அது நம்முடைய சொல்தான் என்று சொல்லி விளையாட்டைத் தொடருங்கள்.

நம் ஊரில் இன்னும் ஒன்று இருக்கிறது. போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழியை இன்றும் பேசுகிற பறங்கியர் குடும்பங்கள் மட்டக்களப்பில் வாழ்கின்றன. உங்கள் அயலில் யாராவது இருந்தால், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, எண்ணுவதற்கு ஒன்று முதல் பத்து வரை சொல்லித் தரச் சொல்லுங்கள். விருந்தாளியாக மரியாதையோடு அழையுங்கள். காட்சிப் பொருள் போலப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது சாப்பாட்டுப் பெட்டி. அன்னாசி, கொய்யா, பப்பாசி, மரமுந்திரிகை, சம்பலில் இருக்கும் மிளகாய் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் வந்த காலத்தில்தான் நம் பக்கம் வந்து சேர்ந்தன. "மிளகாய் வர முன்னம் உறைப்புக்கு என்ன போட்டாங்க?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். மிளகு. மிளகு போன்ற உறைப்பு உடைய காய் என்பதால்தான் மிளகாய் என்று பெயர். அதைச் சொன்னதும் ஓர் அமைதி வரும், பாருங்கள்.

நேரம் மீந்தால், ஆளுக்கு ஒரு மரத்தைத் தெரிந்து, விழுந்த இலையைத் தாளுக்குக் கீழே வைத்துப் பென்சிலால் தேய்த்து நரம்பை எடுக்கலாம். கிளையிலிருந்து பறிக்க வேண்டாம், நிலத்திலேயே வேண்டிய அளவு கிடக்கும். வாவிக் கரையில் கண்டல் மரம் கண்ணில் பட்டால், வேர் ஏன் வெளியே நிற்கிறது என்று கேளுங்கள். சேற்றுக்குள் காற்றில்லை, அதனால் வேர் வெளியே மூச்சு விடுகிறது.

பூங்காப் பக்கத்தில் 1814இல் இங்கே வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மதகுரு வில்லியம் ஓல்ட்டின் சிலையையும் காணலாம். இந்த நேரத்தில் பிள்ளைகள் களைத்திருப்பார்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டு விடுங்கள்.

11. வீட்டுக்கு வந்த பிறகு

அன்றிரவு ஒன்றும் கேட்காதீர்கள். மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, மனதில் இருப்பதைக் கொண்டு கோட்டையைக் கீறச் சொல்லுங்கள். நான்கு முனையும் நான்கு பக்கத் தண்ணீரும் அதில் வந்தால் உங்கள் வேலை பலித்தது. வராவிட்டால் 6ஆம் படியில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

பிறகு ஒரு வீட்டுவேலை. அம்மம்மாவிடமோ மூத்தம்மாவிடமோ போய், "கச்சேரிக்கு எதுக்குப் போனீங்க?" என்று கேட்டு வர வேண்டும். கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், இருந்தது. காணிப் பத்திரத்துக்கு, ஓய்வூதியத்துக்கு, ஏதோ ஒரு கையெழுத்துக்கு என்று நம் குடும்பங்களில் யாராவது ஒருவர் அந்த வாசலால் போயிருப்பார். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி என்றே நினைத்திருக்கும் பிள்ளைக்கு இது புதுச் செய்தி. ஒரு பிள்ளையின் அம்மம்மா, கைக்குழந்தையோடு அந்தச் சுவர் நிழலில் காலை முதல் மாலை வரை காத்திருந்ததைச் சொல்லியிருக்கிறார். அந்தக் கைக்குழந்தைதான் அவளுடைய அம்மா.

12. அடிக்கடி நடக்கும் பிழைகள்

ஒரே நாளில் கோட்டை, கல்லடிப் பாலம், முகத்துவாரம் வெளிச்சவீடு என்று எல்லாவற்றையும் அடுக்குவது. பிள்ளைக்கு மூன்றும் குழம்பி ஒன்றாகிவிடும். பாடும் மீன் கேட்கக் கல்லடிக்குப் போவதென்றால், அது வேறொரு நாளின் நிலா இரவு.

படம் எடுப்பதிலேயே இருப்பது. நீங்கள் தொலைபேசியை நீட்டினால் பிள்ளை சுவரை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கும். ஒரு படம், பூங்காவில், கடைசியில்.

பிள்ளை பிழையாகச் சொன்னதும் திருத்துவது. "அகழியில முதலை வளர்த்தாங்களா?" என்று கேட்டால் சிரிக்காதீர்கள். "வளர்த்தால் என்ன நன்மை, என்ன கஷ்டம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பேச்சு வளரும்.

பரீட்சை வைப்பது. வந்தவுடன் கேள்வித்தாள் கொடுத்தால் அடுத்த முறை கூப்பிட ஆள் வராது.

தாள்களை எறிவதும் பெரிய பிழைதான். ஒவ்வொரு தாளிலும் பெயரையும் திகதியையும் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். யாழ்ப்பாணத்துக்கு உறவினர் வீடு போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோகச் சொல்லுங்கள். அங்குள்ள கோட்டைக்கு ஐந்து முனை. மன்னாரில் நம்முடையதைப் போல நான்கு. மாத்தறையில் நட்சத்திரக் கோட்டைக்கு ஆறு. எண்ணிப் பார்த்து, பக்கத்தில் கீறிக்கொண்டு வரட்டும்.